பல்வலிக்கு ஒரு செட்டு

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை நின்று பார்த்தால், இந்த ஊருக்குப் பல்லைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது விளங்கும். வியாபாரி மாட்டின் கீழுதட்டை விரலால் இறக்கி ஒரு பார்வை பார்ப்பார். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயசைச் சொல்லிவிடுவார். அதே மனிதர் தனக்குப் பல்வலி என்று வந்து உட்கார்ந்தால், எந்தப் பல் என்ற கேள்விக்குத் தடுமாறுவார். கீழே என்பார், இல்லை மேலே என்பார், காதோரம் என்பார், கடைசியில் உள்ளங்கையால் கன்னத்தை மொத்தமாகப் பொத்திக் காட்டுவார்.

குறை அவருடையதல்ல. பல்லுக்குள் இருக்கும் நரம்புகளுக்கு வலிக்கத் தெரியும், இடம் சொல்லத் தெரியாது. இடத்தைச் சொல்லும் நரம்புகள் பல்லுக்கு வெளியே, வேரையும் தாடை எலும்பையும் இணைக்கிற மெல்லிய சவ்வில் இருக்கின்றன. சோற்றில் ஒரு சிறு கல் மாட்டினால் எந்தப் பல் என்று அந்த நொடியே தெரிவது இவற்றால்தான். நோய் பல்லுக்குள்ளேயே இருக்கும்வரை இந்தச் சவ்வுக்குச் சேதி போகாது. மேல் தாடை, கீழ்த் தாடை, காதின் முன்புறம் எல்லாவற்றின் உணர்வும் முக்கிளை நரம்பு என்ற ஒரே பெரிய நரம்பின் வழியாக மூளைக்குப் போவதால், கீழ்ப்பல் வலி மேல்பல் வலியாகவும் காதுவலியாகவும் வேஷம் போடும். வலப்பக்கத்து வலி இடப்பக்கம் தாண்டுவது மட்டும் அபூர்வம்.

எந்தப் பல் என்று தெரியாததைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதது. மாத்திரையின் பொருத்தம் அதில்தான் இருக்கிறது.

எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு அடியில் டென்டின். அதில் ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் பல்லாயிரம் நுண்குழாய்கள் ஓடுகின்றன, எல்லாவற்றிலும் திரவம். சொத்தை விழுந்து எனாமல் திறந்துகொண்ட பல்லில் ஜில்லென்ற இளநீர் பட்டதும் அந்தத் திரவம் சட்டென்று நகர்கிறது. அந்த அசைவைத்தான் உள்ளே இருக்கும் நரம்பு வலியாக எடுத்துக்கொள்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் சோதனைகளோடு நிறுவிய விளக்கம் இது. இப்படிச் சுரீரென்று வந்து சில நொடிகளில் அடங்கிவிடுகிற வலிக்கு மாத்திரையே வேண்டியதில்லை. சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்தால் கதை முடிந்தது. ஆனால் இந்தக் கட்டத்தில் யாரும் பல் மருத்துவரிடம் போவதில்லை. இளநீரை மறுபக்கம் ஒதுக்கிக் குடித்துப் பழகிக்கொள்கிறார்கள்.

கிருமி இன்னும் உள்ளே இறங்கி, ரத்தக் குழாயும் நரம்பும் குடியிருக்கும் பற்கூழை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. முழங்காலில் அடிபட்டால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது. பற்கூழுக்கு நாலு பக்கமும் கல் போன்ற சுவர். உள்ளே ரத்தம் வந்து சேருகிறது, வெளியேற வழியோ வேரின் நுனியில் இருக்கும் நூலிழைத் துவாரம் மட்டும். அழுத்தம் ஏறுகிறது. வலி விண்விண்ணென்று நாடித்துடிப்போடு சேர்ந்து தெறிக்கிறது. படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது, அதனால்தான் பகலெல்லாம் பொறுத்த வலி ராத்திரி பதினோரு மணிக்கு ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது. முற்றிய நிலையில் விநோதமான ஒன்று நடக்கும். சூடான காப்பி பட்டால் உயிர் போகும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் அடங்கும். பேருந்தில் ஒருவர் பாட்டில் தண்ணீரை நிமிஷத்துக்கு ஒரு வாய் எடுத்து ஒரு கன்னத்தில் அடக்கி அடக்கி வைத்துக்கொண்டு வந்தால், அவர் பற்கூழ் இனிப் பிழைக்காது என்று பல் மருத்துவர் பரிசோதிக்காமலே யூகித்துவிடுவார்.

அந்த மனிதர் இறங்கி நேரே போவது மருந்துக்கடைக்கு.

“பல்லு வலிங்க, பொறுக்க முடியலீங்க. ரெண்டு வேளைக்கு ஒரு செட்டுப் போட்டுக் குடுங்க.”

“சாப்டீங்களாங்க?”

“எங்கீங்க, வாயே தொறக்க முடியல.”

“அப்ப பன்னு ஒண்ணு பால்ல நனைச்சு சாப்டுட்டு இதப் போடுங்க.”

சின்னக் காகித உறைக்குள் வேளைக்கு நாலு மாத்திரை. வழக்கமாக அதில் இருப்பவை ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வீக்க மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. அட்டையிலிருந்து வெட்டியோ பிரித்தோ போடுவதால் பல சமயம் பெயரும் இருக்காது. கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ராத்திரி நேரத்தில் பல் மருத்துவர் கிடைப்பதில்லை, வேர் சிகிச்சைக்குச் சில ஆயிரம் ஆகும், ஒரு நாள் கூலியும் போகும். செட்டுக்குச் சில பத்து ரூபாய்தான். ஆனால் அந்த உறைக்குள் இருக்கும் நாலையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், வேலைக்கு ஆவது எது, கூட்டத்தோடு கூட்டமாக வந்தது எது என்று பிரித்துவிடலாம்.

வலி மாத்திரையில் தொடங்குவோம். புண்பட்ட திசு புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அதுவே வலியை உண்டாக்குவதைவிட, நரம்பைத் தொட்டாற்சிணுங்கியாக்குவதுதான் அதிகம். மாரியம்மன் நோம்பி மைக்செட்டில் பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க, யாரோ வந்து சத்தத்தை மட்டும் கூட்டிவிட்டுப் போனது போல. ஆஸ்பிரின் இந்தச் சுரப்பைத்தான் தடுக்கிறது என்று பிரிட்டனின் ஜான் வேன் 1971-இல் காட்டினார். ஆஸ்பிரின் கடைக்கு வந்தது 1899-இல். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே உலகம் எழுபது வருஷத்துக்கு மேல் அதை விழுங்கியிருக்கிறது! வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கெட்டோரோலாக் எல்லாம் இதே வேலையைச் செய்கிற ஒரே குடும்பம். பற்கூழ் அழற்சியில் புராஸ்டாகிளாண்டின் மிகுந்திருப்பதால் பல்வலிக்கு இந்தக் குடும்பம் நன்றாகவே பொருந்துகிறது.

பாராசிட்டமால் வேறு குடும்பம். அது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கிறது, வீக்கத்தைத் தொடுவதில்லை. ஒன்று வலி கிளம்பும் இடத்தில், மற்றொன்று வலி போய்ச் சேரும் இடத்தில். அதனால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றை இரட்டிப்பாகப் போடுவதைவிட நல்ல பலன் தரும் என்று எதிர்பார்க்கலாம். இதை ஊகமாக விட்டுவிடாமல் அளந்தே பார்த்திருக்கிறார்கள், அளந்ததும் பல்லை வைத்துத்தான்.

உலகத்தில் வலி மாத்திரைகளைச் சோதிக்க மருந்தியல்காரர்கள் அதிகம் நாடுவது கடைவாய் ஞானப்பல் பிடுங்கியவர்களை. வேறு நோய் இல்லாத இளவயதுக்காரர்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் காயம், மரத்துப்போகப் போட்ட ஊசி தெளிந்ததும் கணக்காக வந்து சேரும் வலி. இதைவிட வசதியான அளவுகோல் கிடைக்காது. முதுகுவலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் நாம் நம்பி விழுங்கும் பல மாத்திரைகளின் பலம் முதலில் நிரூபிக்கப்பட்டது யாரோ ஒருவர் இழந்த ஞானப்பல்லின் குழியில்தான். இப்படி அறுவைக்குப் பிந்தைய வலியில் நடந்த நூற்றுக்கணக்கான சோதனைகளைக் காக்ரன் என்ற சர்வதேச ஆய்வுக் கூட்டமைப்பு தொகுத்திருக்கிறது. சத்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டால், ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் ஐந்து பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக இரண்டு பேருக்கு வலி பாதியாவது குறைகிறது. ஐபுப்ரோஃபென் 200, பாராசிட்டமால் 500 சேர்த்துக் கொடுத்தால் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு. மார்ஃபின் வகையறாவான கோடீன் 60 மில்லிகிராம் தனியாகக் கொடுத்தபோது பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு. ‘ஸ்ட்ராங்கா குடுங்க’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் பல்வலிக்கு முதல் தேர்வாகச் சொல்வது ஐபுப்ரோஃபென் குடும்பத்தை, தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ.

கெட்டோரோலாக் நம் ஊர்க் கடைகளில் பல்வலிக்கென்றே பேர் வாங்கியது. வேகமானதுதான், ஆனால் ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாத மருந்து, வயிற்றில் ரத்தக் கசிவு பயம் அதிகம். நிமிசுலைடு ஈரலைப் பாதிக்கலாம் என்ற அச்சத்தில் பின்லாந்தும் ஸ்பெயினும் 2002-இல் நிறுத்திவைத்த மருந்து. இந்தியாவில் 2011-இலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது தடை. வேறு நல்ல மாத்திரை இருக்கும்போது இதைக் கேட்டு வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வீக்க மாத்திரை தனிச் சுவாரஸ்யம். செரேஷியோபெப்டிடேஸ் என்று பேர். பட்டுப்புழுவின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி இது. உடுமலைப் பக்கம் தோட்டந்தோட்டமாகப் பட்டுப்புழு வளர்க்கிறோம், அதன் குடலில் பிடித்த கிருமியின் சரக்கு நம் பல்வலி உறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. புரதத்தைக் கரைக்கும் நொதி என்பதால் வீக்கத்தையும் கரைக்கும் என்று நம்பி ஜப்பானில் பல்லாண்டு விற்றார்கள். மறுபடி முறையாகச் சோதித்தபோது போலி மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நிரூபணமாகவில்லை. 2011-இல் டகேடா நிறுவனம் தன் சரக்கைத் தானாகவே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. இந்தியாவில் இன்னமும் அது வலி மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு ஜோராக விற்கிறது.

இனி ஆன்டிபயாடிக். செட்டிலேயே விவகாரமான ஆள் இதுதான்.

வலி பற்கூழுக்குள் அடைபட்டிருக்கும் கட்டத்தில் ஆன்டிபயாடிக் வலியைக் குறைக்குமா? 2000-இல் வெளியான ஒரு சிறு சோதனையில், அந்த நிலையில் வந்த 40 பேரில் பாதிப் பேருக்குப் பெனிசிலின், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை என்று ஏழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வலியிலும் வித்தியாசமில்லை, கூடவே விழுங்கிய வலி மாத்திரைகளின் எண்ணிக்கையிலும் வித்தியாசமில்லை. காரணம் எளிது. அப்போது நோகடிப்பது அழற்சியும் அழுத்தமும், அவற்றுக்கு ஆன்டிபயாடிக்கிடம் மருந்தில்லை. சரி, பற்கூழ் செத்து அழுகிய பிறகாவது உதவுமா? விழுங்கிய மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் எங்கும் போக முடியும். செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி இருக்கும் அறைக்கு மருந்து போய்ச் சேரும் பாதையே அறுந்துவிட்டது.

அப்படியானால் ‘அந்த அஞ்சு நாள் மாத்திரையிலதான் எனக்கு நின்னுது’ என்று சொல்கிறவர்கள் எல்லாம் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. பற்கூழ் சாகும்போது அதிலிருக்கும் நரம்பும் சாகிறது. நாலு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த வலி அஞ்சாம் நாள் காலையில் சுவிட்சை அணைத்தாற்போல நின்றுவிடும். அந்தச் சமயத்தில் வாயில் எது இருந்ததோ அதற்குப் புகழ். ஆன்டிபயாடிக் இருந்தால் ஆன்டிபயாடிக்குக்கு, கிராம்பு இருந்தால் கிராம்புக்கு, மந்திரித்த கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு. பல்வலிக்கு உலகம் முழுக்க இத்தனை கைவைத்தியங்கள் பெருகியதற்கு இந்த மரணம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் பல்லில் இருக்கும் புழுவை விழவைத்த பெரியவர்களும், ஐரோப்பாவில் வேறொரு கத்திரி வகைச் செடியின் விதையை எரித்து அதே மாதிரிப் புகை பிடித்தவர்களும் இப்படிப் பேர் வாங்கியவர்கள்தாம். சொத்தைக்குப் புழு காரணமில்லை என்று பிரான்ஸின் பியேர் ஃபோஷார் 1728-லேயே எழுதினார். நம் ஊரில் இன்றும் அது ‘பூச்சிப் பல்’தான்.

வலி நின்ற பிறகு கிருமி சும்மா இருப்பதில்லை. சில வாரமோ சில வருஷமோ கழித்து வேர் நுனி வழியாக வெளியே வந்து எலும்பில் சீழ் வைக்கும். இப்போது சவ்வு பாதிக்கப்படுவதால் எந்தப் பல் என்று பளிச்சென்று தெரியும், கடித்தாலே பல் உயர்ந்துவிட்டது போல நோகும். இந்தக் கட்டத்திலும் சீழுக்கு வழி திறப்பதுதான் வைத்தியம். காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை என்று வந்தால் ஆன்டிபயாடிக் அவசியம், அதையும் மருத்துவர் எழுதித்தான் சாப்பிட வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்கான அந்தக் கோட்டை மத்திய அரசு 2016-இல் பெரிய பிரசாரமாகவே எடுத்துச் சென்றது. உறைக்குள் வெட்டிப் போடும்போது கோடும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடுகிறது.

கிராம்பை மேலே அந்த வரிசையில் சேர்த்தது ஓரளவு அநியாயம். அதற்கு உண்மையிலேயே வேலை தெரியும். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். அது நரம்பில் சேதி கடத்தும் சோடியத்தின் வாசல்களை அடைத்து இடத்தை மரத்துப்போகச் செய்கிறது. கன்னியாகுமரி மலைத்தோட்டங்களில் விளைந்து 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கிராம்பும் சரி, பெட்டிக்கடைச் சீசாவும் சரி, இதே சரக்குதான். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசனைகூட முக்கால்வாசி யூஜினால்தான். துத்தநாக ஆக்ஸைடோடு அதைக் குழைத்து நூறு வருஷத்துக்கும் மேலாகத் தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டுச் சொத்தைக் குழிக்குள் மட்டும் வைத்தால் ஒரு ராத்திரியை ஓட்டலாம். ஈறில் வழியவிட்டால் புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் பல்லோரம் அடக்கினாலும் அதே கதி, அமிலம் ஈறை வெள்ளையாக வேகவைத்துவிடும்.

ஆக உறைக்குள் வேலைக்கு ஆவது வலி மாத்திரை. ஆனால் எல்லா உடம்புக்கும் அது ஆகாது. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கோரமான சாட்சி இருக்கிறது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தபின் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை நிறுத்திக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2004-இல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, 2006-இல் இந்தியா கால்நடைக்கு அதைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய மருந்துக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் 2015-இல் குப்பியின் அளவையும் 3 மில்லிக்குக் குறைத்தது. தமிழ்நாட்டில் மிஞ்சிய கழுகுகள் இன்று முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வட்டமிடுகின்றன.

மனிதச் சிறுநீரகம் அவ்வளவு பலவீனமில்லை, ஆனால் பாதிக்கும் வழி இருக்கிறது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்தின் ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் புராஸ்டாகிளாண்டின்தான். பல்லில் அதைத் தடுக்கும் மாத்திரை அங்கேயும் தடுக்கும். சித்திரை வெயிலில் பகலெல்லாம் தென்னை ஏறிவிட்டுத் தண்ணீரும் சரியாகக் குடிக்காத ஒருவருக்கு மூணு நாள் டைக்ளோஃபெனாக் என்பது லேசான விஷயமல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வந்து சேருகிறது, நல்ல காரியம். எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரையோடு நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடும் பெரியம்மா, பல்வலிக்கென்று மூன்றாவதாக இந்தக் குடும்பத்து மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெருக்கியதாகும். அவருக்குப் பாராசிட்டமால்தான் சரி. வயிற்றுப்புண் உள்ளவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், வலி மாத்திரையால் இழுப்பு வருகிறவர், கர்ப்பிணிகள், டெங்குவோ என்ற சந்தேகத்தில் காய்ச்சலோடு இருப்பவர் எல்லோருக்கும் இதே பதில். கடைக்காரர் ‘சாப்டீங்களா’ என்பதோடு ‘வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க’ என்றும் ஒரு வார்த்தை கேட்டால், அந்தக் கேள்வி கேஸ் மாத்திரையைவிட அதிகம் காக்கும்.

பாராசிட்டமாலுக்கும் எல்லை உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு என்றால் 3.9 கிராம், ஏழாவது எல்லை தாண்டியது. செட்டில் இருக்கும் கூட்டு மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும், வீட்டில் இருக்கும் டோலோவிலும் இருக்கும். இரண்டையும் மாறி மாறிப் போட்டால் கணக்குத் தப்பும். தினம் குடிப்பவரின் ஈரல் 4 கிராமைக்கூடத் தாங்காது.

பல்வலி என்று வந்தாலும் எந்த மாத்திரைக்கும் காத்திருக்கக் கூடாத இரண்டு நிலைமைகள் உண்டு. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டையாக வீங்கி, நாக்கு மேலே தள்ளி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் அது 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த நோய். மூச்சுக்குழாயை அடைத்துவிடும், அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இன்னொன்று, படியேறினால் கீழ்த்தாடையில் வந்து உட்கார்ந்தால் போகிற வலி. பல்லில் எந்தக் குறையும் இல்லாமல் இப்படி வந்தால் பார்க்க வேண்டியது இதயத்தை.

மற்றவர்கள் மறுநாளே பல் மருத்துவரிடம் போகலாம், ஆனால் ஒரு சேதி தெரிந்து போக வேண்டும். ‘எனக்கு மரத்துப்போற ஊசி பிடிக்கவே இல்லீங்க’ என்ற புகார் உண்மையானது. அந்த ஊசியில் இருக்கும் லிக்னோகெயின் மூலக்கூறு நரம்பின் கொழுப்பு உறையைத் தாண்ட வேண்டுமானால் மின்னேற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். அழற்சியும் சீழும் பிடித்த திசு அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலம் மூலக்கூறுகளில் மின்னேற்றத்தை ஏற்றிவிடுவதால் உள்ளே நுழைவது குறைகிறது. வீங்கி முற்றவிட்டுப் போனால் ஊசியும் பாதிதான் கேட்கும். மருத்துவர் வேறு இடத்தில், நரம்பு கிளம்பும் பக்கமாகப் போட்டுப் பார்ப்பார்.

போகும்போது விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டு போகவும், கடைசியாகப் போட்டது எத்தனை மணிக்கு என்றும் சொல்லவும். குளிர்ந்த பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்தும், கருவியின் கைப்பிடியால் தட்டியும்தான் குற்றவாளிப் பல்லை அவர் கண்டுபிடிக்கிறார். ஐபுப்ரோஃபென் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் தட்டினால், கெட்ட பல்லும் நல்ல பல் மாதிரியே பதில் சொல்லும்.